பெயர் வெட்டிய டம்ளர்

சௌக்கத் அலிக்கு வீடு வேண்டும். இந்த மாதம் முடிவதற்குள் வேண்டும். வண்ணாரப்பேட்டையில் அவன் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் காலி செய்துவிட்டார்கள், தண்ணீர் மோட்டாரைக் கழற்றியாகிவிட்டது. அவன் மனைவி ரசூல் பீவி மாடிக்குக் குடம் குடமாகத் தூக்கி இடுப்பு விட்டுப்போய்க் கிடக்கிறாள். வீட்டு ஓனர் நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷராக இருந்துகொண்டே கடப்பாரையும் கையுமாக நிற்கிறார்.

வாடகை கொடுக்க வக்கில்லாத ஆள் இல்லை சௌக்கத் அலி. எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் உத்தியோகம், மாதம் பிறந்தால் சம்பளம். பீடி சிகரெட் கிடையாது. இருப்பது ஒரே மகள், உமைமா, ஒன்பதாம் வகுப்பு. இப்படிப்பட்ட குடித்தனக்காரனை எந்த ஓனரும் கொத்திக்கொண்டு போக வேண்டும். போவார்கள், பெயரைக் கேட்கிற வரைக்கும். பெயரைச் சொன்ன மாத்திரத்தில் ஓனருடைய அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவான், அதே வீட்டில் குடியேற. மாத்தூரில் ஒரு அம்மாள், "நாங்க சுத்த சைவம், ஒத்துவராது" என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் அடுப்பில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு தளபுளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனையோடு அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

புரோக்கர் அம்புரோஸுக்கே அலுத்துவிட்டது. காசிமேட்டுக்காரன். படகில் போய்க்கொண்டிருந்தவன், தோள்பட்டை நழுவிப்போன பிறகு வீட்டுத் தரகு பார்க்கிறான்.

"இந்தா பாரு மாமு," என்றான். "பேரக் கேட்டா சொல்லு. கேக்காத வரிக்கும் நீயா எடுத்து வுடாத. உன் பேர வச்சிகினு ஒரு வூடு கூட முடிக்க முடியல. பேஜாரா கீது."

அப்படித்தான் சௌக்கத் அலி விம்கோ நகர் வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டான். பெயர் ராமசெல்வி. புருஷன் தங்கப்பாண்டிக்குத் திருவொற்றியூரில் கருப்பட்டி, பனங்கற்கண்டு மொத்த வியாபாரம். தெற்கத்திக்காரர்கள் என்று அம்புரோஸ் சொல்லியிருந்ததால், சௌக்கத் அலி தன்னை அறியாமலே ஊர்ப் பேச்சில் ஆரம்பித்துவிட்டான்.

"வீடு இருக்குன்னு சொன்னாவ. இருக்கா, இல்ல முடிஞ்சிட்டா?"

அந்த 'சொன்னாவ' போதுமாக இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க எந்தூரு?"

"உடன்குடி."

"எய்யா, நம்மூரா! எங்க வீட்டுக்காரவுகளுக்கும் உடன்குடிதான். மொதல்லயே சொல்லக் கூடாதா?" அவள் குரலே மாறிவிட்டது. மழை பெய்ததா, பஜாரில் ரோடு போட்டார்களா, கருப்பட்டியில் இப்போது சீனி கலக்கிறான்களே தெரியுமா என்று பிடித்துக்கொண்டாள். கடைசியில் சொன்னாள்: "நம்மாளுவளுக்குத்தான் குடுக்கணும்னு இத்தன நாளா பூட்டிப் போட்டு வச்சிருக்கோம். கண்டவனயும் வீட்டுல ஏத்த முடியுமா, நீங்களே சொல்லுங்க."

"ஏத்த முடியாதுதான்," என்றான் சௌக்கத் அலி.

சொல்லிவிட்டான். வாய் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அன்று ராத்திரி சோறு இறங்கிய மாதிரி அவனுக்குப் பல நாளாய் இறங்கவில்லை என்பதும் உண்மை. சென்னைக்கு வந்த புதிதில் யார்டில் எல்லோரும் கிண்டல் அடிக்கிறார்கள் என்று மூட்டை கட்டி வைத்த பேச்சு அது. அதைக் கேட்டு ஒருத்தி 'நம்மாளு' என்கிறாள். சுகமாக இருந்தது. பெயரை அவள் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு பார்க்கப் போவதாக ஏற்பாடு. "அண்ணிய இட்டுகினு வராத, சாவி கைக்கு வந்தப்புறம் காட்டிக்கலாம்," என்று அம்புரோஸ் படித்துப் படித்துச் சொன்னான். இதை ரசூல் பீவியிடம் சொன்னபோது அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் என்ன திருட்டுச் சாமானா, ஒளிச்சுக் கொண்டுபோவ?"

இஸ்திரி போட்ட புர்காவை மாட்டிக்கொண்டு மகளோடு முன்னால் நடந்தாள்.

ராமசெல்வி மாடிப்படியின் உச்சியில் வாய் கொள்ளாச் சிரிப்போடு நின்றிருந்தாள். "வாங்க அண்ணாச்சி, வாங்க. வீடு கண்டுபிடிக்கச் செரமப்பட்டியளா?" அவளுக்குப் பின்னால் கூடத்து முக்காலியில் ஒரு தட்டு, தட்டில் எவர்சில்வர் டம்ளர்கள், டம்ளர்களில் ஆவி பறக்கக் கருப்பட்டிக் காப்பி. ஊர்க்காரர்களுக்கென்று போட்ட காப்பி. ஒவ்வொரு டம்ளரிலும் புள்ளி புள்ளியாக 'ராமசெல்வி' என்று பெயர் வெட்டியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்ததாக இருக்கும். உள்ளறையில் ஒரு குழந்தை நை நை என்று அழுதுகொண்டிருந்தது.

"மவ வீட்டுப் பேத்தி. முந்தாநாள்லருந்து காய்ச்ச. டாக்டரு மருந்துக்குக் கேக்க மாட்டுக்கு," என்று சொல்லிக்கொண்டே திரும்பியவள், படியேறி வந்த ரசூல் பீவியைப் பார்த்தாள்.

சிரிப்பு அப்படியே இருந்தது. உயிர்தான் போய்விட்டது.

"இவிய யாரு?"

"என் வீட்டுக்காரி. இது மவ."

ராமசெல்வி புருஷனைப் பார்த்தாள். தங்கப்பாண்டி நாளிதழை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அம்புரோஸ் விட்டத்து மின்விசிறியைப் புதிதாய்ப் பார்ப்பவன் போல அண்ணாந்து நின்றான். பிறகு ராமசெல்வி எதையோ நினைத்துக்கொண்டவளாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். டம்ளர் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது தட்டில் பேப்பர் கப்புகள் இருந்தன.

அதே காப்பி. டம்ளரிலிருந்து கவிழ்த்து எடுத்து வந்திருக்கிறாள். அவரவர் கண் முன்னால் டம்ளராகப் போய்க் கப்பாகத் திரும்பியது. அதைக் கூட மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அம்புரோஸுக்கும் பேப்பர் கப்புதான்.

ரசூல் பீவி வாங்கி அப்படியே ஜன்னல் விளிம்பில் வைத்தாள். உமைமா மடமடவென்று குடித்துவிட்டுக் கப்பைக் கசக்கினாள். சௌக்கத் அலி கையில் வைத்துக்கொண்டு நின்றான். குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

"வீட்டை எங்க கொழுந்தன் மவன் கேட்டுருக்கான்," என்றாள் ராமசெல்வி. "நேத்துத்தான் போன் வந்துச்சு."

இந்தக் கொழுந்தன் மகன்கள் எங்கேதான் வரிசையில் நிற்கிறார்களோ.

"முந்தாநாள் பேசும்போது நம்மாளுக்குத்தான்னு சொன்னியளே," என்றான் சௌக்கத் அலி.

"சொன்னேன். நீங்க யாருன்னு நீங்க சொல்லலியே! நம்ம பேச்சு பேசி, உடன்குடின்னுட்டு... இது ஏமாத்துற மாரில்லா இருக்கு."

"உடன்குடிதான். எங்க வாப்பாவுக்கு வாப்பா பொறந்ததும் உடன்குடிதான்."

தங்கப்பாண்டி குறுக்கே வந்தார். சமாதானம் பேசுகிறவர் போலக் கையைத் தூக்கினார். "தம்பி, தப்பா நெனைக்காதிய. நாங்க வேத்துமை பாக்குற ஆளுவ கெடையாது. ஊர்ல எங்களுக்கு அடுத்த வீடே பாய் வீடுதான். பெருநாளைக்கு அவிய வீட்டுப் பிரியாணிதான் எங்களுக்கு. நமக்கு ஒண்ணுமில்ல, கீழ் போர்ஷன்ல இருக்கவிய ஒரு மாதிரி. கறி வாசம், போக்குவரத்துன்னு நாளைக்கு ஒரு சங்கடம் வந்துறக் கூடாதுல்லா."

பெருநாள் பிரியாணியைச் சொல்லாமல் இந்த நாட்டில் யாரும் யாருக்கும் வீடு இல்லை என்று சொன்னதில்லை. சௌக்கத் அலிக்கு மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் மகள் பக்கத்தில் நிற்கிறாள், சத்தம் போட்டால் 'பாத்தியளா, இதுக்குத்தான்' என்பார்கள். அதுவும் தெரியும். பேசாமல் படியிறங்கினான். கீழே வந்ததும்தான் கையில் இன்னும் கப்பு இருப்பதைக் கவனித்துச் சாக்கடையில் வீசினான்.

"டம்ளர்ல பேரு வெட்டிருந்துச்சு, பாத்தீங்களா வாப்பா," என்றாள் உமைமா. "நாம குடிச்சா அழிஞ்சிரும்னு பயந்துட்டாங்க போல."

ரசூல் பீவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு மெட்ரோ ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். அவள் கத்தியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அம்புரோஸ் விடவில்லை. சாயங்காலம் பைக்கில் ஏற்றிக்கொண்டு அதே விம்கோ நகரில் ரயில்வே லைனை ஒட்டிய ஒரு சந்துக்குப் போனான். வீடு நன்றாகவே இருந்தது. சமையலறையில் வெளிச்சம் வந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. ஓனர் பொன்னேரியில் இருக்கிறார். மாதம் பிறந்தால் வாடகை வந்தால் சரி, யார் என்ன என்று கேட்கிற வழக்கம் இல்லை.

"கேக்கவே மாட்டாரா?"

"இன்னாத்துக்குக் கேக்கணும்? அவருக்கு துட்டு வந்தா போதும்."

சௌக்கத் அலி நிம்மதியாக மூச்சு விடும்போதுதான் அடுத்த போர்ஷன் வாசலைப் பார்த்தான். வடக்கத்தித் தொழிலாளிகள். கொடியில் வரிசையாகப் பனியன்கள், கைபேசியில் இந்திப் பாட்டு. முப்பது வயதிருக்கும் ஒருவன் குந்தி உட்கார்ந்து துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். இவர்களைக் கண்டதும் எழுந்து, வழியில் இருந்த வாளியை நகர்த்தி வைத்துவிட்டு, நுரை வழியும் கையோடு சிரித்தான். இந்தியில் ஏதோ கேட்டான். யார்டில் புழங்கிய இந்தியில் சௌக்கத் அலிக்கு அது புரிந்தது. வீடு பிடித்திருக்கிறதா என்று கேட்கிறான். புரியாதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இது வேணாம்," என்றான் சந்து முனைக்கு வந்ததும்.

"ஏன் மாமு? தண்ணி கீது, லைட் கீது, கேள்வி கேக்காத ஓனரு. இன்னும் இன்னா வோணும் உனக்கு?"

"வடக்கத்திப் பசங்க இருக்கற எடத்துல பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படி இருக்கறது?"

"அவன் உன்ன இன்னா பண்ணான்? வாளிய நவுத்தி வச்சான்."

"பண்ணின பெறகு அழுதுகிட்டு நிக்கவா? பாக்கு எச்சி, ராத்திரி கும்மாளம். எந்த ஊரோ, எவனோ, யாருக்குத் தெரியும்?"

"கேளேன். வாயில இன்னா கொழுக்கட்டையா? பேரு இன்னான்னு கேளு, சொல்லப் போறான்."

"அவன் பேரு எனக்கு எதுக்குய்யா?"

அம்புரோஸ் அவனை ஒரு தினுசாகப் பார்த்தான். பைக்கை உதைத்தான்.

மஃரிப் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. சௌக்கத் அலி பக்கத்துப் பள்ளிவாசலில் இறங்கிக்கொண்டான். அம்புரோஸ் எதிர்ச் சாரி டீக்கடையில் நின்றான். தொழும்போது மனசு தொழுகையில் இல்லை. பேப்பர் கப்பு, தங்கப்பாண்டியின் தூக்கிய கை, ரசூல் பீவியின் மௌனம் என்று சுற்றிச் சுற்றி வந்தது. இன்றைக்கும் வீடு இல்லை. வீட்டுக்குப் போய் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். வாசலில் வழக்கம் போலப் பெண்கள் கூட்டம். காய்ச்சல் கண்ட பிள்ளை, பயந்த பிள்ளை, பால் குடிக்காத பிள்ளை என்று இடுப்பிலும் தோளிலும் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் வரிசையாக நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஓதிப் பிள்ளையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். கொண்டுவந்த தண்ணீரிலும் ஊதச் சொல்லி வாங்கிப்போய்ப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். குங்குமம் வைத்தவர்கள், சிலுவைச் சங்கிலி போட்டவர்கள், எல்லோரும்தான் வருவார்கள். யாரும் யாரையும் எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்பதில்லை. தலையில் தொப்பி இருந்தால் போதும்.

சௌக்கத் அலி ஓதிக்கொண்டே ஒவ்வொரு குழந்தையாக ஊதி வந்தான். அடுத்தது ஒரு பெண் குழந்தை. நெற்றியில் கையை வைத்தான், அடுப்புக்கல் மாதிரி சுட்டது. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. பாவமாக இருந்தது அவனுக்கு. நெஞ்சாரவே 'அல்ஹம்து' சூரா முழுதும் ஓதி ஊதினான்.

"பாய், இதுலயும் ஊதுங்க," என்றது குரல். முகத்துக்கு நேராக ஒரு டம்ளர் நீண்டது.

எவர்சில்வர் டம்ளர். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது.

நிமிர்ந்தான். ராமசெல்வி. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து, பேத்தியைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றாள். அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். காலையில் அதே முகத்தை எதிரில் நிறுத்தி வைத்து அவ்வளவு பேசியவள். இப்போது தெரியவில்லை. தலையில் தொப்பி ஏறியதும் அவன் பாய். அவ்வளவுதான். எந்தப் பாயாக இருந்தால் அவளுக்கென்ன?

அவனுக்குள் இருந்த இரக்கமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இந்த டம்ளரில் காப்பி குடிக்க ஆகாத வாய், ஊதுவதற்கு ஆகுமாக்கும். வீட்டுக்குள் வரக் கூடாத மூச்சு, தண்ணீருக்குள் வரலாமாக்கும். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. டம்ளரை வாங்கினான். ஓதவில்லை. விளிம்பில் வாய் வைத்து, எச்சில் படவே, பாதித் தண்ணீரைக் குடித்தான்.

ராமசெல்வி திகைத்துப் போனாள். "என்ன பாய் இது?"

"நல்ல தண்ணிதான்," என்றான் உடன்குடிப் பேச்சில். "பேப்பர் கப்புல கொண்டாந்துருந்தியன்னா எனக்குத் தோதா இருந்துருக்கும்."

முகம் காட்டிக்கொடுக்காததைப் பேச்சு காட்டிக்கொடுத்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. சுற்றி நின்ற பெண்கள் பார்த்தார்கள்.

"பச்சப் பிள்ளைக்குக் குடுக்குற தண்ணி," என்றாள். "இப்படி எச்சியாக்கிட்டியளே."

"ஊதுனா மட்டும் எச்சி இல்லையா? குடுங்க பிள்ளைக்கு. நம்மூரு ஆளு எச்சிதான்."

டம்ளரை அவள் கையில் திணித்துவிட்டு நகர்ந்தான். அடுத்து நின்ற பெண் தன் பிள்ளையை நீட்டினாள். அவனுக்கு ஓத வரவில்லை. ஜெயித்துவிட்டது போல இருந்தது, அந்தக் குழந்தையின் சூடு உள்ளங்கையில் இருந்துகொண்டு அதையும் கெடுத்தது.

கேட்டுக்கு வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தான். ராமசெல்வி தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். மிச்சத் தண்ணீரைக் கீழே கொட்டினாள். டம்ளரைக் கழுவினாள். விளிம்பை முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்து, மறுபடியும் கழுவினாள். பள்ளிவாசல் தண்ணீரையே பிடித்து நிரப்பிக்கொண்டு, முந்தானையை இழுத்துத் தலையில் சரிசெய்துகொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றாள். இன்னும் ஆட்கள் உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தார்கள்.

கடைசியாக வந்தவன் தலையில் கைக்குட்டையை முடிச்சுப் போட்டிருந்தான். ராமசெல்வி, "பாய், பாய்," என்று டம்ளரை நீட்டினாள். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி, நிதானமாக ஓதி ஊதினான். குழந்தையின் தலையைத் தடவினான். அவள் அந்தத் தண்ணீரை அங்கேயே பேத்தியின் வாயில் புகட்டினாள்.

சௌக்கத் அலிக்குச் சுருக்கென்றது. வாளியை நகர்த்தி வைத்தவன்.

அவன் வெளியே வந்தான். இவனைக் கண்டதும் அதே சிரிப்பு. கை இன்னும் சோப்பில் ஊறி வெளிறிப்போய்த்தான் இருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும், சாச்சா. கர் பசந்த் ஆயா?"

சந்தில் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை புரியாதவன் போல முகத்தைத் திருப்ப முடியாது. ஸலாம் சொன்னவனுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

"வ அலைக்கும் ஸலாம்," என்றான் சௌக்கத் அலி. அவ்வளவு சின்ன வார்த்தை, தொண்டையை விட்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

டீக்கடையிலிருந்து அம்புரோஸ் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். "இன்னா மாமு, தெரிஞ்சவனா?" என்று கேட்டவன், நேராக அந்த ஆளிடமே திரும்பினான். "உன் பேரு இன்னாபா? நாம், நாம்?" என்று தெரிந்த இந்தியையும் சேர்த்துக் கேட்டான்.

"வசீம்."

ராமசெல்வி பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனாள். வசீம் வழி விட்டு ஒதுங்கி நின்றான். அவனைப் பார்த்து, "நல்லாருப்பா," என்றாள். சௌக்கத் அலி நின்ற பக்கம் திரும்பவில்லை. குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது.

"சாவி என்னாண்டதான் கீது," என்றான் அம்புரோஸ். "இன்னா சொல்ற?"

சௌக்கத் அலி சாவிக்குக் கையை நீட்டினான். வசீம் இன்னும் சிரித்தபடி பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்க இவனால் முடியவில்லை.